மடக்காதீர்

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பத்திரமாக என் கைக்கு வந்தது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் நடுங்கிக்கொண்டு நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது?

கீழ்வீட்டுத் தையல்காரக்கா, என் பள்ளிச் சட்டையின் மடிப்புக்குள் உன் உறையை வைத்துக் கொடுத்தார். "உங்கக்கா எழுத்தைப் படிக்கிறதுக்குள்ள எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடி" என்றார், மெதுவாகத்தான். மாடிப்படியில் இருந்து அம்மா, "என்னது?" என்று கேட்டாள். "பட்டன்" என்றார் தையல்காரக்கா. எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

இனியும் அவர் கடை முகவரிக்கே எழுது. வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மாவின் கைப்பையை விட்டு வெளியே வராது. அம்மா தபால் ஆபீசில் இருக்கிறாளே, கடிதம் அவள் கையில் சிக்காதா என்று கேட்டிருந்தாய். சிக்காது. அவள் இப்போதும் பார்சல் பிரிவில்தான். கடிதமெல்லாம் வேறு மாடி.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அப்பா உடனே பேப்பரில் வானிலைப் பகுதியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார். போன வாரம் பக்கத்து வீட்டு டீச்சர், "பெரியவ பேங்க் வேலையை விட்டுட்டு பொம்மை வரையுறாளாமே?" என்று கேட்டார். "வேற ஏதாவது பேசலாமே" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அப்பா அன்று எல்லா ஊர் மழையையும் படித்து முடித்தார்.

எனக்கும் உன் மேல் ஒரு கோபம் இருக்கிறது. அந்த இரண்டு பக்கப் படக்கதையை நீ பத்திரிகையில் போட்டிருக்க வேண்டாம். அதில் தட்டு மாதிரி கண்ணாடி போட்ட அம்மா, பார்சல்களுக்கு முத்திரை குத்தியது போதாமல் வீட்டுக்கு வந்து பிள்ளைகள் நெற்றியிலும் குத்துகிறாள். சிரிப்பாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். ஆனால் அதை அவள் ஆபீசில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்துச் சிரித்தார்களாம். அம்மாவே போய் அதைக் கழற்றி, கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இதைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள். அதனால் ஃப்ரிட்ஜ் கதவை ஒரு சாண் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். கால் குளிர்கிறது. ஃப்ரிட்ஜ் உறுமும்போதெல்லாம் அம்மா இருமுகிற மாதிரி இருக்கிறது.

பதில் போடு. ஆனால் மெதுவாகப் போடு.

பயத்துடன்,
உன் எலி

ஜூன் 17

என் எலிக்குட்டிக்கு,

நான் நலம். முதுகு மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டது. அப்பாவின் மழையும் உன் காலும் எப்படி இருக்கின்றன?

என் வேலை எப்படிப் போகிறது என்று யாருமே கேட்பதில்லை, நீயும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். வீட்டுக்காரர் கழற்றிப் போட்டிருந்த பழைய கதவை இரண்டு பெட்டிகள் மேல் படுக்க வைத்திருக்கிறேன். அதுதான் என் மேசை. கைப்பிடி இருந்த ஓட்டையில் மைப்புட்டி கச்சிதமாக உட்காருகிறது. காலையில் பாடப்புத்தகக்காரர்களுக்குத் தவளையின் குடல் வரைகிறேன். மதியம் ஒரு பல் டாக்டருக்குச் சிரிக்கிற கடைவாய்ப் பல். அவை சோறு போடும் படங்கள். அதற்குப் பிறகுதான் என் கதை. முதலில் வெளிர்நீலப் பென்சிலில் கோடு இழுப்பேன். ஸ்கேனர் கண்ணுக்கு அந்த நீலம் தெரியாது, அழிக்கிற வேலை மிச்சம். அதன் மேல் தூரிகையால் மை. அச்சான பிறகு நானே மடித்து, நானே பின் அடித்து, புத்தகச் சந்தைகளில் நானே மேசை போட்டு உட்காருவேன்.

போன சந்தையில் ஒருவர் வந்தார்.

"இது குழந்தைங்களுக்கா?"

"இல்லைங்க, பெரியவங்களுக்கு."

"பெரியவங்க எதுக்குப் படம் பார்க்கணும்?"

"நீங்க இப்ப அரை மணியா நின்னு பார்த்துட்டுத்தானே இருக்கீங்க."

வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஆனால் எல்லோரும் ஒரே குறை சொல்கிறார்கள். படம் பிரமாதம், பேச்சை மட்டும் கோழியை விட்டு எழுத வைத்தீர்களா என்கிறார்கள். கம்ப்யூட்டர் எழுத்து போட்டுப் பார்த்தேன், என் கோட்டோடு ஒட்டவே இல்லை. எனக்கு உன் கையெழுத்து வேண்டும்.

நான்கு பக்கங்களின் நகல் வைத்திருக்கிறேன். ஆட்களின் பேச்சை எழுதும் குமிழ்கள் காலி. யார் என்ன பேச வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன், முடிந்தால் படித்துக்கொள். மெல்லிய தாளை மேலே வைத்து எழுதி அனுப்பு. எழுத்தைச் சுற்றி மூச்சு விட இடம் இருக்கட்டும். முடியாதென்றால் முடியாதென்று சொல், கோபிக்க மாட்டேன்.

ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பயப்படாதே.

உன் கோழி

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். எனக்குத்தான் சளி, காரணம் உனக்குத் தெரியும்.

நான்கு பக்கமும் முடித்துவிட்டேன். பக்கத்தில் புவியியல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். அம்மா தண்ணீர் குடிக்க வந்தால் மலைத்தொடர் வரைகிறேன் என்று சொல்ல. வரவில்லை. பால் திரிந்துவிட்டது என்று மட்டும் இரண்டு நாள் காலையில் சொன்னாள்.

உன் படத்துக்குள் என் எழுத்து போய் உட்கார்ந்ததும் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அது வரை வாயைத் திறந்து நின்ற ஆட்கள் பேசிவிட்டார்கள். தாளை எடுத்துத் தள்ளி வைத்து, கிட்டே வைத்து, மறுபடியும் தள்ளி வைத்துப் பார்த்தேன். வகுப்பில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பார்சல் மூட்டைகளுக்கு நடுவே நிற்கிற அந்தப் பெண் அம்மாதானே? மறுபடியுமா, அக்கா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

எலி

ஜூலை 13

எலிக்குட்டி,

முதுகு சமாதானத்துக்கு வந்திருக்கிறது. உன் சளி என்ன ஆயிற்று? வெந்நீர் குடி.

உன் எழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன். அறை சின்னது, நாலு எட்டில் முடிந்துவிட்டது, திரும்பவும் நடந்தேன். கீழே அச்சகத்தில் இருப்பவரிடம் காட்டினேன். "யாருங்க எழுதினது?" என்றார். "என் தங்கச்சி" என்றேன். அந்த வார்த்தையை வெளியே சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது.

ஆமாம், அம்மாதான். சிரிக்க வைப்பதற்காக இல்லை. அந்தப் பழைய இரண்டு பக்கத்தில் நான் அம்மாவின் கண்ணாடியை மட்டும் வரைந்தேன். அதற்குப் பின்னால் கண் இருந்தது, அதை வரையவில்லை. இந்த முறை முழுப் புத்தகம், பெயர் 'பார்சல் பிரிவு'. அக்டோபர் முடிவில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், நவம்பரில் பெரிய சந்தை. இது சரியாக வந்தால் அம்மா கையில் கொடுப்பேன். தப்பாக வந்தால் அந்த வீட்டுப் படியேற எனக்கு இனி முகம் இருக்காது. அதற்குத்தான் நீ வேண்டும்.

ஒரு குறை. நீ தாளை நான்காக மடித்து அனுப்பியதில் மடிப்பு சரியாக ஒரு குமிழுக்கு நடுவே போய்விட்டது. ஸ்கேன் செய்தால் அம்மா மூக்கில் கறுப்புக் கோடு விழுகிறது. இனி பெரிய உறையில், மடக்காமல் அனுப்பு. நானும் அப்படியே அடுத்த பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்.

பெருமையுடன்,
கோழி

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். சளி போய்விட்டது, கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எட்டுப் பக்கமும் பெரிய உறையில், மடக்காமல் வருகின்றன. ஒரே ஒரு இடத்தில் நீ சொன்னபடி செய்யவில்லை. என்னைத் திட்டாதே.

வேலையை விட்டுவிட்டதாக நீ வீட்டில் சொல்கிற பக்கம். அம்மாவுக்கு, கத்தலுக்குப் போடுகிற மாதிரி முள் முள்ளாகப் பெரிய குமிழ் போட்டு, 'வெளியே போ' என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். அம்மா அப்படிச் சொல்லவில்லை. நீதான் கத்தினாய். அம்மா, 'காலையில பேசலாம்' என்றாள். அதையும் சின்னக் குரலில். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

முள்ளை எடுத்துவிட்டேன். சின்னதாக ஒரு வட்டம் வரைந்து, உள்ளே அவள் சொன்னதை எழுதி, சுற்றிலும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அவள் மெதுவாகப் பேசும்போதுதான் எனக்குப் பயம். முள் போட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது.

திட்டினாலும் சுருக்கமாகத் திட்டு.

எலி

ஆகஸ்ட் 16

எலி,

நலம். உறை வந்தது. இரண்டு பக்கமும் அட்டை வைத்து, சணல் கட்டி, மேலே 'மடக்காதீர்' என்று எழுதியும் அனுப்பியிருந்தாய். ஒரு முனைகூட நசுங்கவில்லை. உனக்கு இவ்வளவு புத்தி எப்போது வந்தது?

அந்தக் குமிழ் விஷயம். இது என் கதை. வீட்டைவிட்டுப் போனவள் நான். என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதச் சொன்னதை எழுதுவதுதான் எழுத்துக்காரியின் வேலை. நாளைக்கு அச்சகக்காரரும் ஒரு வரியை மாற்றுவார், அதையும் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா?

பழையபடி எழுதி அனுப்பு.

அக்கா

செப்டம்பர் 10

என் எலிக்குட்டிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தையல்காரக்கா கடைக்குப் போன் போட்டால் தையல் மிஷின் சத்தம்தான் கேட்கிறது, பிறகு வைத்துவிடுகிறார்.

அந்தக் கடிதத்தைப் போட்ட மறுநாளே தபால்பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துவிடலாமா என்று இருந்தது. இரண்டு விதமாகவும் வரைந்து சுவரில் ஒட்டி வைத்தேன். முள் குமிழைத் தாண்டிக் கண் போய்விடுகிறது. உன் வட்டத்தில் கண் நிற்கிறது. அந்த ராத்திரியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். 'வெளியே போ' என்ற குரலை எவ்வளவு தேடியும் காணவில்லை. அதை நானே போகப் போகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது, கிளம்பி வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே.

உன் வட்டம்தான் புத்தகத்தில் போகிறது. முள் போட்ட எல்லாப் பக்கங்களையும் திரும்ப வரைகிறேன். முதுகு என்னைச் சபிக்கிறது.

கடைசிப் பக்கங்களையும், உன் எழுத்தோடு இதுவரை முடிந்த பக்கங்களின் நகலையும் சேர்த்து அனுப்புகிறேன். கடைசிப் படத்தில் நான் பெட்டியோடு தெருவில் போகிறேன். திரும்பிப் பார்த்தேன், மாடி ஜன்னலில் அம்மா. அவள் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. அந்தக் குமிழுக்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றது நீதானே. அம்மா என்ன சொன்னாள்?

காத்திருக்கும்
கோழி

செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தேர்வு முடிந்தது. எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. பயம்.

அக்கா, நான் அட்டை வைக்கவில்லை. சணலும் கட்டவில்லை. வெறும் உறைதான் போட்டேன்.

உன் கடிதத்தில் அந்த வரியை மூன்று தரம் படித்தேன். அப்புறம்தான் உறைத்தது. சின்ன உறைதான் கடித மாடிக்குப் போகும். பெரிய உறை பார்சல் பிரிவுக்குப் போகும். நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி நேராக அம்மா மேசைக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். இதைவிட அவள் கையிலேயே கொடுத்திருக்கலாம்.

ஒவ்வொரு நாளும் அவள் வேலை முடிந்து வரும்போது இன்றைக்குக் கேட்பாள், இன்றைக்குக் கேட்பாள் என்று இருக்கிறேன். கேட்பதில்லை. பால் திரிந்ததைப் பற்றி மட்டும் சொல்கிறாள். தெரிந்துகொண்டு சும்மா இருக்கிறாளா, தெரியாதா? அட்டை வைத்தது வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பக்கங்களை முடித்துவிட்டேன், அனுப்பத்தான் துணிச்சல் வரவில்லை. கடைசிக் குமிழை மட்டும் என்னிடம் கேட்காதே. அவள் சொன்னது என் காதில் விழுந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொன்னதும் விழுந்தது.

எலி

அக்டோபர் 3

எலிக்குட்டி,

சுகமாக இரு, முதலில் அது.

அந்த அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. நல்ல அட்டை கிடைத்தால் இந்தத் தொழிலில் யாரும் போட மாட்டார்கள். 'மடக்காதீர்' என்று எழுதிய துண்டை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். உன் எழுத்து என்றுதான் நான் நினைத்தேன். அவ்வளவு ஒரே மாதிரி இருக்கிறது. யாருடைய கையைப் பிடித்து நீ எழுதப் பழகினாய் என்று யோசித்துப் பார்.

உனக்குப் பயமாக இருந்தால் பக்கங்களைத் தையல்காரக்காவிடம் கொடுத்துவிடு, நான் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன். கடைசிக் குமிழைக் காலியாகவே அச்சடிக்கிறேன். சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தால் நீ சொல்லாமல் இருப்பதுதான் சரி.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். புத்தகத்தில் உன்னைப் போட்டாக வேண்டும். உன் பெயரைப் போட்டால் மாட்டிக்கொள்வாய், அதனால் 'எழுத்து: எலி'. சம்மதமா?

உன் கோழி

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். இதைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கு எரிகிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்றுச் சாப்பிட்டு முடித்ததும் அந்தத் துண்டை அம்மா முன்னால் வைத்தேன். வைக்கும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன்.

"இது உன் எழுத்தாம்மா?"

"ஆமா. துடை முதல்ல."

"பிரிச்சுப் பார்த்தியா?"

"அடுத்தவங்க உறையை நான் எதுக்குடி பிரிக்கிறேன்?" அதைத்தான் கொஞ்சம் கோபமாகச் சொன்னாள். "கோழி கிண்டின மாதிரி முகவரி. ஊர்ல வேற யாரு அப்படி எழுதுவா? தையல் கடைக்குப் பெரிய பெரிய உறையா எதுக்கு வருது? அந்தப் பக்கம் போறதெல்லாம் உன் எழுத்து. அதையும் வெறும் காகிதமா அனுப்புறீங்க, மேல மூட்டை விழுந்தா என்ன ஆகும்?"

அப்பா பேப்பரைத் தேடி எடுத்து, "தெற்கில் லேசான தூறல்" என்று ஆரம்பித்தார். "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அம்மா. அவர் வாழ்க்கையில் முதன்முறையாக மழை பாதியில் நின்றது.

நான் உள்ளே போய் எல்லாப் பக்கங்களையும் எடுத்து வந்து மேசையில் வைத்தேன். எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, கால் தானாக நடந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். எடை போடுகிற மாதிரி. கண்ணாடி சின்னதாக இருந்ததைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன், தன் கண்ணாடியை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். 'காலையில பேசலாம்' பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இதை அவளே எழுதினாளா?"

"வேற எழுதியிருந்தா. நான் மாத்தினேன்."

"நீயா?"

"நீ அப்படித்தானே சொன்னே."

மேலே எழுதிய எடையும் தராசு காட்டுகிற எடையும் பொருந்தாத பார்சலைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "இத்தனை நாள் உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சிட்டேன்" என்றாள்.

கடைசிப் பக்கம் வந்தது. காலிக் குமிழில் விரலை வைத்தாள்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"நீ சொல்லக் கூடாதுன்னியே."

அவள் குமிழிலிருந்து விரலை எடுக்கவில்லை. பேப்பர் கையில் இருந்தும் அப்பா மூச்சு விடவில்லை.

"எழுது" என்றாள்.

"என்னன்னு?"

"நான் என்ன சொன்னேனோ அதை. நீயா ஒண்ணு சேர்க்காதே."

பிறகு எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "இனிமே ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுட்டு எழுதாதே. தினமும் பால் கெடுது. விளக்கைப் போட்டுக்கோ."

அக்கா, அன்று நீ தெருமுனையில் திரும்பும் வரை அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. சின்ன வயசிலிருந்து நீ குனிந்து உட்காரும்போதெல்லாம் ஸ்கேலால் உன் முதுகில் தட்டுவாளே, அந்த ஸ்கேல் அப்போதும் அவள் கையில் இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டே, "நிமிர்ந்துதான் போறா" என்றாள்.

அதுதான் அந்தக் குமிழில் இருக்கிறது. முள் இல்லை. சுற்றிலும் நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

'எலி' என்றே போடு. இப்போது ஒளிந்துகொள்வதற்காக இல்லை, எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

உறைக்கு அம்மாவே அட்டை வைத்துத் தந்தாள்.

உன் எலி

நவம்பர் 28

மகளுக்கு,

இங்கே மூவரும் சுகம். பால் கெடுவதில்லை. சந்தையில் உன் மேசை முன்னால் கூட்டம் நின்றதாகச் சின்னவள் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய புத்தகக் கட்டு வந்து சேர்ந்தது. ஒரு ஓரம் நசுங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் அட்டை வைத்து, சணலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சை ஓரத்தில் போட வேண்டும். நடுவில் போட்டால் அழுத்தும்.

புத்தகத்தை முழுவதும் படித்தேன். உன் அப்பா இரண்டு தரம் படித்தார், சத்தமாக. 'எலி' யார் என்று தையல்காரி கேட்டாள், எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்றேன். பழைய இரண்டு பக்கம் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. அதில் கண்ணாடி பெரிதுதான், ஆனால் முத்திரை பிடித்த கை என் கைதான். அப்போதே நீ நன்றாகத்தான் வரைந்திருந்தாய்.

ஆபீசில் அறிவிப்புப் பலகையில் உன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். யார் ஒட்டியது என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் எழுத்தில் முகவரி படிக்க மற்றவர்கள் கஷ்டப்படுகிறார்கள். ஆகவே உறை மேல் ஒட்டிக்கொள்ள, சின்னவள் முகவரிச் சீட்டுகள் எழுதித் தந்திருக்கிறாள், இத்துடன் இருக்கின்றன. தையல் கடை முகவரி இல்லை. வீட்டு முகவரி. தீர்ந்ததும் சொல், இன்னும் எழுதச் சொல்கிறேன். ஒரு தரம் நேரில் வந்து வாங்கிக்கொண்டாலும் சரி.

நிமிர்ந்து உட்கார்ந்து வரை.

அம்மா